கவுண்டரில் பில் நிற்கக் கூடாது

2006ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். ஈரோட்டில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடை. மூன்று பில் கவுண்டர்கள். ஒவ்வொன்றின் முன்னும் சேலைக் கட்டுகளையும் வேட்டிக் கட்டுகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு வெளியூர் வியாபாரிகள் நிற்கிறார்கள். இரவுக்குள் கரூருக்கும் தர்மபுரிக்கும் திரும்ப வேண்டியவர்கள். மாலை 5 மணி அளவில் மூன்று கணினித் திரைகளும் ஒன்றாக உறைந்தன. சுட்டி அசைந்தது, ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரை விடுபடும், மறுபடியும் உறைந்துவிடும். முதலாளி தொலைபேசியில் என்னிடம் நீட்டி முழக்கவில்லை. "தம்பி, பில் நின்றுவிட்டது. உடனே வாருங்கள்" என்றார்.

அந்த மென்பொருளை எழுதியவன் நான். இரண்டு வாரம் முன்புதான் அதில் புதிதாக ஒரு வசதியைச் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு பில்லும் சேமிக்கப்படும்போதே அதன் விவரம் இணையம் வழியாக, ஊருக்கு வெளியே இருந்த கிடங்கின் கணினிக்குப் போய்விடும். கிடங்கில் இருப்பவர்கள் தொலைபேசிக்காகக் காத்திராமல் சரக்கை எடுத்துக் கட்டத் தொடங்கலாம். நல்ல எண்ணத்தில் செய்த வேலை. அதுதான் கடையை நிறுத்தியது.

மேசைக் கணினிக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கூறு என்றால் என்னவென்று தெரியும். முன்பே எழுதி வைத்த, எடுத்துப் பொருத்திக்கொள்ளக்கூடிய நிரல் துண்டு; தொழிலில் கம்போனென்ட் என்றே சொல்வோம். போர்லாண்ட் நிறுவனம் 1995இல் டெல்பி என்னும் நிரலாக்கக் கருவியை வெளியிட்டபோது எங்களைப் போன்றவர்களை ஈர்த்தது அதுதான். பொத்தான், பட்டியல், தரவுத்தள அட்டவணை எல்லாம் சிறு படங்களாக மேலே வரிசையில் இருக்கும். வேண்டியதை எடுத்துப் படிவம் என்னும் வெற்றுச் சாளரத்தின்மேல் வைத்து, பண்புகளை நிரப்பி, சில வரிகள் எழுதினால் போதும். 2001இல் வந்த டெல்பி 6உடன் இன்டி என்னும் இணையக் கூறுகளின் தொகுப்பும் சேர்ந்து வந்தது. சாட் ஹோவர் தொடங்கிய திறமூலத் திட்டம் அது. முதலில் அதற்கு வின்ஷூஸ் என்று பெயர். வலைப்பக்கம் எடுக்க ஒரு கூறு, மின்னஞ்சல் அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கோப்பு அனுப்ப ஒன்று. இணையத் தொடர்புக்கு விண்டோஸ் தரும் வின்சாக் அழைப்புகளை நேரடியாகக் கொண்டு நான் நான்கு நாள் போராடி எழுதிய மின்னஞ்சல் வேலையை இன்டியில் ஒரே மாலையில் எழுதி முடித்தேன். சர்வரின் பெயர், போர்ட் எண் 25, அனுப்புநர், பெறுநர், பிறகு அனுப்பு என்று ஒரு வரி. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

ஆபத்தும் அந்த எளிமைக்குள்தான் இருந்தது. வட்டில் இருக்கும் கோப்பைத் திறப்பதும், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கணினியை அழைப்பதும் நிரலில் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே ஒரு வரி. கோப்பு இருக்கிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். எதிர்முனைக் கணினியோ பதில் சொல்லலாம், மறுக்கலாம், பாதி சொல்லிவிட்டு நிறுத்தலாம், அல்லது ஒன்றுமே சொல்லாமல் இருக்கலாம். நான் முதல் இரண்டுக்கு மட்டும் நிரல் எழுதியிருந்தேன்.

அன்று கிடங்குப் பக்கம் மின்சாரம் போயிருந்தது. அங்கே மோடம் அணைந்திருந்ததால் நாம் அனுப்பிய கோரிக்கையை மறுப்பதற்குக்கூட ஆள் இல்லை. எங்கள் கவுண்டர்களில் இருந்தவை விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள். இப்படிப்பட்ட நேரத்தில் எக்ஸ்பி என்ன செய்யும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இணைப்புக் கோரிக்கையை அனுப்பிவிட்டு 3 விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பி 6 விநாடி. மூன்றாவது முறை அனுப்பி 12 விநாடி. மொத்தம் 21 விநாடி. இன்டி நின்று காத்திருக்கும் வகைக் கூறு. பதில் வரும்வரை அடுத்த வரிக்குப் போகாது. ஆகவே ஒவ்வொரு பில்லுக்கும் 21 விநாடி திரை உறைந்தது.

அது ஒரு கவுண்டரின் கதை. மூன்றும் ஏன் சேர்ந்து நின்றன? பில் எண் தொடர்ச்சியாக வர வேண்டும் என்பதற்காக, தரவுத்தளத்தில் கடைசி எண் இருக்கும் வரியைப் பூட்டி, எண்ணை எடுத்து, பில்லை எழுதி, பிறகுதான் பூட்டைத் திறப்பேன். கிடங்குக்கு அனுப்பும் வரியை அந்தப் பூட்டுக்கும் திறப்புக்கும் நடுவில் வைத்திருந்தேன். அனுப்ப முடியாவிட்டால் பில்லையே ரத்து செய்துவிடலாம், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் என்று நினைத்தேன். முதல் கவுண்டர் 21 விநாடி கிடங்குக்காகக் காத்திருந்தது. மற்ற இரண்டும் முதல் கவுண்டருக்காகக் காத்திருந்தன. கிடங்கில் மின்சாரம் போனதற்கு ஈரோட்டுக் கடைவீதியில் பில் நின்றது.

அன்றிரவு அந்த வசதியை அணைத்துவிட்டு வந்தேன். கடை ஓடியது. இரண்டு நாள் கழித்து, திருத்திவிட்டேன் என்று நம்பி மறுபடி போட்டேன். அனுப்பும் வரியைப் பூட்டுக்கு வெளியே, பில் சேமித்து முடித்த பிறகு நடப்பதாக மாற்றியிருந்தேன். திரை உறையாமல் இருக்க இன்டியிலேயே ஆன்டிஃப்ரீஸ் என்று ஒரு கூறு உண்டு. அதையும் படிவத்தில் வைத்தேன். காத்திருக்கும் நேரத்தில் விசை அழுத்தம், சுட்டி அசைவு போன்ற விண்டோஸின் செய்திகளை அது இடையிடையே கவனித்துக்கொள்ளும். திரை உயிரோடு இருக்கும், சாளரத்தை நகர்த்தலாம், எழுத்துகள் மறையாது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் மாலை கணக்கர் ஐயா கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர். கணினிக்கு முன்பிருந்தே அந்தக் கடையின் பேரேட்டை எழுதிவந்தவர். "தம்பி, ஒரே வியாபாரி, ஒரே தொகை, அடுத்தடுத்த எண். இப்படி இன்றைக்கு மட்டும் பதினோரு பில் இருக்கிறது. கொஞ்சம் வந்து பாருங்கள்."

நடந்தது இதுதான். காசாளர் சேமிக்கும் விசையை அழுத்துகிறார். பில் சேமிக்கப்பட்டுவிட்டது, அனுப்பும் வேலை காத்திருக்கிறது, திரையில் பழைய பில் அப்படியே நிற்கிறது. திரை உயிரோடுதான் இருக்கிறது, ஆகவே நாம் சரியாக அழுத்தவில்லை போலும் என்று அவர் மறுபடி அழுத்துகிறார். ஆன்டிஃப்ரீஸ் அந்த அழுத்தத்தையும் மரியாதையாக எடுத்துக்கொண்டு, முதல் சேமிப்பு முடியும் முன்பே இரண்டாவது சேமிப்பைத் தொடங்குகிறது. கூறு தன் வேலையைச் சரியாகச் செய்தது. உறைந்த திரைக்கு ஒரு நன்மை இருந்தது: ஒரு சேமிப்பு முடியும் முன் இன்னொன்று தொடங்காது. அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு காவல் எதையும் நான் வைக்கவில்லை. பதினோரு பில்களையும் ரத்து செய்து, சரக்கிருப்பைத் திருத்தி முடிக்க நள்ளிரவு ஆனது. கணக்கர் ஐயா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது.

அதன் பிறகு செய்த மாற்றம் இன்றுவரை, பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக, என் எல்லா மென்பொருள்களிலும் இருக்கிறது. பில் போடும் நிரல் இணையத்தைத் தொடவே தொடாது. தரவுத்தளத்தில் "அனுப்ப வேண்டியவை" என்று ஓர் அட்டவணை. பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனையில் அந்த அட்டவணையிலும் ஒரு வரி சேரும். பில் சேமிக்கப்பட்டால் அந்த வரியும் நிச்சயம் இருக்கும். பில் ரத்தானால் அதுவும் இருக்காது. அந்த வரிகளை எடுத்து அனுப்புவது வேறொரு சிறு நிரல். படிவம் கிடையாது, திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு படம் மட்டும். கடையில் அதற்குத் தபால்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் நிரலில் அதே பெயரைப் போட்டுவிட்டேன்.

இதை ஏன் அதே நிரலுக்குள், பின்னணியில் இணையாக ஓடும் ஒரு தனி இழையாக எழுதவில்லை என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. எழுதலாம். ஆனால் இணையத் தொடர்பு உள்ள பகுதிதான் அடிக்கடி மாறும், அடிக்கடி விழும். அது தனி நிரலாக இருந்தால் விழும்போது பில்லை இழுத்துக்கொண்டு விழாது; மாற்றும்போதும் கவுண்டரை மூடச் சொல்ல வேண்டியதில்லை. பட்டப்பகலில் தபால்காரரை நிறுத்தி, புதியவரை அமர்த்தியிருக்கிறேன்; காசாளர்களுக்குத் தெரியாது.

அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஒரு தனி அடையாள எண், எத்தனை முறை முயன்றது, கடைசியாக என்ன பிழை, அடுத்து எப்போது முயல வேண்டும் என்ற விவரங்கள் இருக்கும். முதல் முயற்சி தவறினால் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, ஐந்து, பதினைந்து என்று இடைவெளி கூடும். அந்த அடையாள எண்தான் உயிர்நாடி. கிடங்குப் பக்கத்து நிரல் ஒவ்வொரு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே வந்த எண் மறுபடி வந்தால் "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுக்கிவிடும். ஆகவே தபால்காரர் ஒரே கடிதத்தை நான்கு முறை கொடுத்தாலும் சரக்கு ஒரு முறைதான் கட்டப்படும்.

பிழை எண்கள் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் எல்லாப் பிழைகளுக்கும் "இணையத் தொடர்பு இல்லை" என்று ஒரே செய்தியைக் காட்டினேன். அது யாருக்கும் உதவவில்லை. பிறகு வின்சாக் தரும் எண்ணையே, நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பில் எழுதி, திரையிலும் காட்டினேன். கணக்கர் ஐயா அவற்றில் நான்கை ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். 11001: பெயரே கிடைக்கவில்லை, பெரும்பாலும் நம் லைன். 10060: கூப்பிட்டோம், பதிலே இல்லை. 10061: அந்த வீட்டில் ஆள் உண்டு, இந்தக் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். 10054: பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டார்கள். விளக்கங்கள் அவருடையவை, நான் சொல்லிக்கொடுத்ததைவிடத் தெளிவானவை. அதன் பிறகு எனக்கு வரும் அழைப்புகள் "ஓடவில்லை" என்று தொடங்காமல் "10061 வருகிறது, உங்கள் சர்வரைப் பாருங்கள்" என்று தொடங்கின.

இன்டியை நான் குறை சொல்லமாட்டேன். தனி நிரலுக்குள் வைத்துவிட்டால், வரிசையாக நின்று காத்திருக்கும் அதன் முறைதான் எழுதவும் படிக்கவும் எளிது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரான்சுவா பியெட் உருவாக்கிய ஐசிஎஸ் தொகுப்பு இதற்கு நேர் எதிர்: எதற்கும் காத்திருக்காது, ஏதாவது நடந்தால் நமக்குச் செய்தி சொல்லும். ஒரே நேரத்தில் நூறு இணைப்புகளைக் கவனிக்கும் வேலைக்கு நான் அதைத்தான் எடுப்பேன். இரண்டிலும் கவனிக்க வேண்டியது காலவரம்பு. இன்டியில் வாசிப்புக்கான காலவரம்பை நாமாக வைக்காவிட்டால் அது எல்லையின்றிக் காத்திருக்கும். இணைப்புக் கிடைத்து, பதில் மட்டும் வராமல் போனால், மறுநாள் காலைவரைகூட. நான் இணைப்புக்கு 10 விநாடி, வாசிப்புக்கு 30 விநாடி என்று வைக்கிறேன்.

காசு கொடுத்து வாங்கிய கூறு ஒன்றால் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முகவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் ஆர்டர்களை, இணைப்புக் கோப்போடு எடுத்துப் படிக்க, ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் கூறை வாங்கினோம். நன்றாகவே வேலை செய்தது. மூல நிரல், அதாவது நாமே படித்துத் திருத்தக்கூடிய வரிகள், வேண்டுமானால் தனியாக அதிக விலை. அது எதற்கு என்று விட்டுவிட்டோம். தொகுக்கப்பட்ட கோப்புகள் மட்டும் வந்தன. டெல்பியில் அப்படித் தொகுக்கப்பட்ட கோப்பு எந்தப் பதிப்புக்குத் தொகுக்கப்பட்டதோ அந்தப் பதிப்புக்கு மட்டுமே செல்லும். நாங்கள் இருந்தது டெல்பி 7.

2008இல் டெல்பி 2009 வந்தது. அதில்தான் எழுத்துச்சரம் முழுமையாக யூனிகோடுக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனி எண் தரும் முறைக்கு, மாறியது. தமிழில் மென்பொருள் எழுதுபவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அந்த வேதனையில் இருந்தவர்கள்தான் உணர்வார்கள். எழுத்தை எண்ணாகக் குறிக்கும் முறைதான் குறிமுறை; விண்டோஸின் பழைய ஒரு பைட்டுக் குறிமுறைகளில் தமிழுக்கு இடமே கிடையாது. ஆகவே டெல்பி 7 படிவங்களில் தமிழைக் காட்ட, தாப் போன்ற எழுத்துருக் குறிமுறைகளைத்தான் நம்பியிருந்தோம். திரையில் தமிழ் தெரியும். அதையே மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் வெறும் கிறுக்கல். வெளியூர் வியாபாரிகளின் பெயரைத் தமிழில் எழுதி, தமிழிலேயே கணக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது முதலாளியின் நெடுநாள் ஆசை. புதிய டெல்பி கையில் இருந்தது. ஆனால் அந்த ஒரு கூறு புதிய பதிப்புக்கு வரவில்லை. அதை விற்ற நிறுவனமும் கடையை மூடிவிட்டது. ஒரு மின்னஞ்சல் கூறுக்காக முழு மென்பொருளும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு டெல்பி 7இலேயே கிடந்தது. கடைசியில் அந்தப் பகுதியை இன்டி 10 கொண்டு நானே மறுபடி எழுதினேன். அன்று முதல், இலவசமோ விலைக்கோ, மூல நிரல் இல்லாத கூறைத் தொடுவதில்லை.

யூனிகோடுக்கு மாறியதும் தமிழ்ப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. வேறு வடிவம் எடுத்தது. எதிர்முனைக்குப் போனவை கேள்விக்குறிகள். முகவரியில் "ஈரோடு" என்று எழுதி அனுப்பினால் "?????" என்று போய்ச் சேர்ந்தது. ஐந்து கேள்விக்குறி. கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்துதானே என்று பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகரக் குறி: யூனிகோடில் அவை ஐந்து குறியீடுகள். அனுப்புவதற்காக அந்தச் சரத்தை ஓர் ஓடையில் போடும்போது குறிமுறை எதுவென்று நான் சொல்லவில்லை. டெல்பி விண்டோஸின் வழக்கமான பழைய குறிமுறையை எடுத்துக்கொண்டது. அதில் தமிழ் இல்லாததால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறி. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறை என்று சொன்னதும் சரியானது.

உடனே அடுத்த பிழை. அந்த ஐந்து குறியீடுகள் யுடிஎஃப்-8இல் 15 பைட்டு. உள்ளடக்கத்தின் நீளத்தை ஓரிடத்தில் நானே கணக்கிட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன், பைட்டை எண்ணாமல் குறியீடுகளை எண்ணி. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாக இருப்பதால் அதுவரை வெளியே தெரியவில்லை. தமிழ் வந்ததும் சர்வர் நான் சொன்ன நீளத்தோடு நிறுத்திக்கொண்டது. செய்தியின் வால் அறுந்து போனது. இன்று எந்த இணையக் கூறைச் சோதித்தாலும் முதலில் "ஈரோடு" என்று அனுப்பிப் பார்க்கிறேன். ஆங்கிலச் சொல்லைக் கொண்டு சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழைகள் கண்ணிலேயே படாது. மின்னஞ்சலின் தலைப்பு வரிக்குத் தனிக் குறிமுறை உண்டு என்பதையும் அதே வாரத்தில்தான் கற்றேன்.

2018இல் ஒரு காலை, குறுஞ்செய்தி அனுப்பும் சேவை எங்கள் மென்பொருள் ஓடும் எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் நின்றது. நாங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாறியது எதிர்முனை: இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்து காக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் பழைய பதிப்பான 1.0ஐ ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்ய வேண்டிய மாற்றம்தான். முன்கூட்டியே மின்னஞ்சலும் அனுப்பியிருந்தார்கள், நாங்கள் கவனிக்கவில்லை. இன்டி 10இல் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது டிஎல்எஸ் 1.0. பதிப்பை 1.2 என்று மாற்றினேன். சில கணினிகளில் மட்டும் அப்போதும் ஓடவில்லை. குறியாக்கத்துக்கு இன்டி நம்பியிருப்பது ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நூலகத்தின் இரண்டு டிஎல்எல் கோப்புகளை, அதாவது நிரல் ஓடும்போது சேர்த்துக்கொள்ளும் துணைக் கோப்புகளை. அந்தக் கணினிகளில் எங்கள் நிரலின் கோப்புறையில் அவை விடுபட்டிருந்தன. வேறு ஏதோ ஒரு மென்பொருள் எப்போதோ விண்டோஸ் கோப்புறைக்குள் போட்டுவிட்டுப் போன பழைய பிரதிகளை எங்கள் நிரல் எடுத்து ஓட்டியிருக்கிறது. ஆகவே டிஎல்எல் கோப்புகள் எப்போதும் நம் நிரலின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நிரல் தொடங்கியதும் எந்தப் பதிப்பு ஏறியிருக்கிறது என்று லாக் கோப்பின் முதல் வரியில் எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரி எத்தனை பயணங்களை மிச்சப்படுத்தியிருக்கிறது என்று சொல்லி முடியாது.

அந்தச் சாக்கில் இன்னொன்றும் கண்டேன். எதிர்முனையின் சான்றிதழ் உண்மையானதா என்று இன்டி தானாகச் சோதிப்பதில்லை. நாம் கேட்டால்தான் சோதிக்கும். பூட்டுப் படம் இருக்கிறது, குறியாக்கம் நடக்கிறது, ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். வியாபாரிகளின் கணக்கு விவரம் போகும் பாதை அது. அன்றே சோதனையை இயக்கினேன். இயக்கிய மறுவாரம் ஒரு கடையில் எல்லா இணைப்பும் மறுக்கப்பட்டது. போய்ப் பார்த்தால் அந்தக் கணினியின் தேதி 2009. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு வட்டப் பேட்டரி தீர்ந்துபோய், அணைத்துப் போடும்போதெல்லாம் கடிகாரம் பின்னே போய்விடுகிறது. 2009இல் நின்று பார்த்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பேட்டரியை மாற்றினோம்; சரியானது. தபால்காரர் இப்போது தொடங்கும்போதே தேதியைப் பார்த்து, கடைசி பில்லின் தேதிக்கு முன்னால் இருந்தால் எச்சரிப்பார்.

கடவுச்சொல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் கடவுச்சொல்லைப் பல ஆண்டுகள் ஒரு ஐஎன்ஐ கோப்பில் அப்படியே எழுதி வைத்திருந்தோம். நோட்பேடில் திறக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம். விண்டோஸே தரும் தரவுப் பாதுகாப்பு வசதியைப் பயன்படுத்தி மறைப்பது இருபது வரி வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பிறகு மின்-விலைப்பட்டியல் வந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி தொடங்கியபோது பில்லின் வடிவம்தான் மாறியது. மின்-விலைப்பட்டியல் வேறு: வியாபாரியிடமிருந்து வியாபாரிக்குப் போகும் ஒவ்வொரு பில்லும் அரசின் பதிவுத் தளத்துக்குப் போய், 64 எழுத்துக் கொண்ட பதிவெண்ணும் கையொப்பமிட்ட கியூஆர் குறியும் பெற்றுத் திரும்ப வேண்டும். 2020 அக்டோபர் 1இல் ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டியவர்களிடம் தொடங்கி, எல்லை 100 கோடி, 50 கோடி, 20 கோடி என்று இறங்கி, 2022 அக்டோபர் 1இல் 10 கோடிக்கு வந்தது. அந்த எல்லைக்குள் எங்கள் கடை வந்தது. மறுபடியும் தீபாவளிக்கு முன்பு.

பில் போடும் நிரல் இணையத்தைத் தொடாது என்று பதினாறு ஆண்டுகள் காத்துவந்த விதி இங்கே முட்டியது. கியூஆர் குறி இல்லாமல் பில்லை அச்சிட்டுக் கொடுக்க முடியாது. குறி வர இணையம் வேண்டும். அப்படியானால் கவுண்டர் காத்திருக்கத்தான் வேண்டுமா? இரண்டு நாள் மென்பொருளைத் திறக்காமல் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். வியாபாரி கவுண்டரில் கணக்கு முடித்ததும் உடனே போய்விடுவதில்லை. பின்கட்டில் சரக்கைக் கட்டுகிறார்கள், சணல் சுற்றுகிறார்கள், ஊர்ப்பெயரை மையில் எழுதுகிறார்கள். குறைந்தது பத்து நிமிடம் அங்கே நிற்கிறார். காத்திருப்பு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. ஆகவே கவுண்டரில் கட்டுச் சீட்டு ஒன்று மட்டும் அச்சாகும்படி செய்தேன். பில் பின்கட்டு மேசையில் இருக்கும் பிரிண்டரில், தபால்காரர் பதிவெண்ணோடு திரும்பியதும் தானாக அச்சாகிறது. சரக்குக் கட்டி முடிவதற்குள் பெரும்பாலும் பில் தயாராக இருக்கும். இந்தத் தீர்வில் என் நிரலைவிட அந்தக் கடையின் நடைமுறைக்குத்தான் பங்கு அதிகம்.

இதிலும் ஒரு தவறு செய்தேன். அனுப்பிய கோரிக்கைக்கு 30 விநாடியில் பதில் வராவிட்டால் "தோல்வி" என்று திரையில் காட்டினேன். பின்கட்டில் இருந்த பையன், தோல்வி என்றால் பில் ஆகவில்லை என்று எடுத்துக்கொண்டு, அதை ரத்து செய்து புதிய எண்ணில் வேறொரு பில் போட்டுவிட்டான். ஆனால் முதல் கோரிக்கை உண்மையில் போய்ச் சேர்ந்து பதிவாகியிருந்தது. பதில் வரும் வழியில்தான் தொலைந்தது. ஒரு விற்பனைக்கு இரண்டு பதிவெண்கள். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம் என்பதால் தப்பித்தோம்.

காலவரம்பு முடிந்தது என்றால் தோல்வி என்று பொருளில்லை. போனது, போகவில்லை, தெரியவில்லை என்று மூன்று நிலைகள் உண்டு. மூன்றாவது நிலைக்கு நிரலில் இடமே வைக்காமல் இருந்தேன். 2006இல் கிடங்கு நிரலுக்கு அடையாள எண் கொடுத்தபோது இதைத்தான் சரிசெய்திருந்தேன். பதினாறு ஆண்டில் மறந்துபோனது. நல்லவேளையாக இந்தப் பதிவெண், விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதே பில்லை அதே எண்ணோடு மறுபடி அனுப்பினால் புதிய பதிவு உண்டாகாது. 2150 என்ற பிழை எண்ணோடு, இது ஏற்கெனவே பதிவானது என்று பதில் வரும். அதைப் பிழையாகக் காட்டாமல், பழைய பதிவெண்ணை எடுத்து அச்சிடச் சொன்னால் வேலை முடிந்தது. இப்போது திரையில் "தோல்வி" என்ற சொல் கிடையாது. "உறுதியாகவில்லை, மறுபடி கேட்கிறேன்" என்று வரும். ரத்து பொத்தான் அந்த நேரத்தில் அழுந்தாது.

இப்போது புதிதாக எழுதுபவற்றில், 2015இல் வந்த எக்ஸ்ஈ8 பதிப்பு முதல் டெல்பியோடு வரும் ஹெச்டிடிபி கூறைப் பயன்படுத்துகிறேன். அது விண்டோஸின் சொந்தக் குறியாக்கத்தையே பயன்படுத்துவதால் டிஎல்எல் கோப்புகளைச் சுமக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்கு இன்டியேதான்.

என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். இன்டியின் சர்வர் கூறைக் கொண்டு பத்து வரியில் ஒரு சர்வர் எழுத வேண்டும். அது இணைப்பை ஏற்றுக்கொள்ளும், அனுப்பியதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், பதில் மட்டும் சொல்லாது. தபால்காரரை அந்தச் சர்வரோடு இணைத்துவிட்டு, கவுண்டர் கணினியில் உட்கார்ந்து ஐம்பது பில் போட வேண்டும். பிறகு உண்மையான சர்வருக்கு மாற்றி, ஐம்பதும் போய்ச் சேர்ந்ததா, ஒன்றுகூட இரண்டு முறை போகவில்லையா என்று எண்ணிக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும்.